பையை அனுப்புகிறேன், நான் வரவில்லை

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நீங்கள் மூன்று பேரும் சாப்பிட வந்தபோது நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் ரசம் ஊற்றினேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டாய். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்ப மே மாசத்துல இருந்து பாப்பா உங்ககிட்டதாம்மா" என்று சிரித்தாயே, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அது சம்மதம் இல்லையப்பா. வாயைத் திறந்தால் சண்டை வரும், சாப்பாட்டு வேளையில் வேண்டாமே என்று இருந்தேன், அவ்வளவுதான். அதனால் இதை எழுதுகிறேன். படித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்ளாதே. கிரேஸுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படி. இதில் அவள் கேட்கக்கூடாதது எதுவும் இல்லை.

நீ சொன்னதை நானே திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பார். அம்மாவுக்கு மே மாதத்தோடு ரிட்டயர்மென்ட். வீட்டில் சும்மாதான் இருக்கப் போகிறாள். ஆகவே பாப்பாவைச் சேலையூரில் கொண்டுவந்து விட்டுவிடலாம். அம்மாவுக்கு முடியாது என்றால், கிரேஸ் வேலையை விட்டுவிடட்டும். நுங்கம்பாக்கத்தில் அவள் ஆபீசுக்குப் பக்கத்தில் ரிட்டயரான நர்ஸம்மா ஒருத்தர் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று அவளே தேடிக் கண்டுபிடித்து வந்து சொன்னாளே, அதற்கு நீ என்ன சொன்னாய்? "குரோம்பேட்டைல இருந்து நுங்கம்பாக்கம் வரைக்கும் டெய்லி கைக்குழந்தைய எலக்ட்ரிக் டிரெய்ன்ல தூக்கிட்டுப் போறதா? பாட்டில், ஈரத்துணி எல்லாம் ஒண்ணா போட்டுக்கிட்டு? சுகந்திக்கு வந்த மாதிரி வந்துட்டா என்ன பண்றது?" என்றாய். கிரேஸ் துடைக்கத் தேவையே இல்லாத பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இரண்டுக்கும் என் பதில் முடியாது என்பதுதான். உன் பிள்ளையை நான் வளர்க்க மாட்டேன். கிரேஸும் வேலையை விடக்கூடாது. கல்நெஞ்சக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள். பாப்பா என் மேல் சாய்ந்து தூங்கும்போது அந்தத் தலையின் வாசனைக்கு நான் என்னதான் தரமாட்டேன்! சனிக்கிழமை கொண்டுவா, ஞாயிறு சர்ச் முடிந்து கூட்டிக்கொண்டு போ. ஆனால் தினம் தினம் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னால் முடியாது. களைத்துப் போய்விட்டேன் தம்பி. படுத்து எழுந்தால் போகிற களைப்பு என்றால் உன்னிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். இத்தனை வருஷம் பெண்பிள்ளைகளுக்குப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கவும் கை ஓரம் மடிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டு, ஒரு நாள் காலையில் எழுந்து, இன்று யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாம் என்று உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டும். அது ஆறிப்போவதற்கு முன்னால் குடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சுகந்திக்கு வந்த மாதிரி என்றாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் தங்கைக்கு வந்ததில் பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். அப்போது நீ மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. மீதியையும் கேட்டுக்கொள். அதற்குப் பிறகு நீயே முடிவு செய்.

சுகந்தி பிறந்து லீவு முடிந்ததும் நான் சைதாப்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. பெரியம்மா வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின் தெருவில். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு வகுப்புக்குப் போய், மத்தியானம் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு, சாயங்காலம் தூக்கிக்கொண்டு தாம்பரத்துக்கு வண்டி ஏறுவேன். தோளில் பிள்ளை, கையில் துணிக்கடையில் கொடுத்த ஒரு பை. இரண்டு பிடி, ஒரே வாய், உள்ளே ஒரே குழி. போட்டதெல்லாம் அடியில் போய்ச் சேர்ந்துகொள்ளும். தையல் டீச்சர் நான், ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாவாடையும் பையும் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறேன், என் பிள்ளைக்கு ஒரு பை தைக்க வேண்டும் என்று தோன்றவில்லை பார். தோன்ற நேரம் இல்லை. அந்தப் பையில் அப்போதைய பால் பாட்டில், படகு மாதிரி இரண்டு பக்கமும் வாய் வைத்த கண்ணாடிப் பாட்டில், அதற்கு ரப்பர் நிப்பிள், பால் பவுடர் டப்பா, வெந்நீர் ப்ளாஸ்க், காய்ந்த துணி எல்லாம் இருக்கும். வண்டியிலேயே பிள்ளை நனைத்துவிட்டால் ஈரத் துணியைச் சுருட்டி அதே பைக்குள்தான் திணிக்க வேண்டும். வேறே எங்கே வைப்பது? ஒரு நாள் லேடீஸ் கம்பார்ட்மென்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டுவிட்டாள். "இன்னாம்மா டீச்சர், கொயந்த பையி இந்த வாட வருது? என் மல்லி வாடியே பூடும் போலகீதே!" பெட்டியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன செய்ய.

பையில் கை விடாதவர்களே வீட்டில் கிடையாது. நான் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸைப் போடுவேன். நீ பாதி தின்ற பிஸ்கட்டை, "பாப்பா பெரிசானதும் குடுங்கம்மா" என்று போட்டுவைப்பாய். பெரியம்மா பிள்ளைக்கு உரசிக்கொடுக்கிற வசம்பை ஒரு துணியில் முடிந்து போடுவாள். எல்லாரும் பாசத்தில்தான் போட்டார்கள். அதுதான் வினை. வெயில் காலம் தொடங்கிய சமயம் சுகந்திக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. பல் முளைக்கப் போகிறது, அதனால்தான் என்றார்கள். கிரைப் வாட்டர் கொடுத்துப் பார்த்தோம். மறுநாள் பிள்ளை அழக்கூடத் திராணி இல்லாமல் கிடந்தாள். கண் உள்ளே போய்விட்டது. தொடைச் சதையைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. ரிக்‌ஷா பிடித்து நானும் உன் அப்பாவும் கேம்ப் ரோட்டில் இருந்த டாக்டரம்மாவிடம் ஓடினோம். உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனதால் இனிமேல் நடந்தது உனக்குத் தெரியாது.

டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்தார், உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்று சீட்டு எழுதினார். எழுதிக்கொண்டே எதையோ மோந்து பார்த்தார். "அந்தப் பையக் குடுங்க" என்றார். மேஜையில் பழைய பேப்பரை விரித்துப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். எல்லாம் ஒன்றாக விழுந்தது. ஈரத்துணி ஒரு சுருட்டு, அதோடு ஒட்டிக்கொண்டு நிப்பிள், நிப்பிள் மேல் பவுடரும் சாக்பீஸ் தூளும், பிஸ்கட், எறும்பு, வசம்பு. கடைசியில் டங்கென்று ஒரு துருப்பிடித்த இரும்புச் சாவி. என் கட்டைவிரல் நீளம் இருக்கும். எந்தப் பூட்டுச் சாவி என்றே எனக்குத் தெரியவில்லை. "இது பையா, சந்தையாம்மா? மருந்து நான் எழுதித் தரேன். இந்தப் பைய யார் குணப்படுத்தறது?" என்றார் டாக்டரம்மா. பிறகு சாவியைப் பென்சிலால் தள்ளி, "இது யாரு போட்டது?" என்று கேட்டார். நான் பெரியம்மாவாகத்தான் இருக்கும் என்று வாயெடுத்தேன். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் வேதபாடம் வாசிக்கிற மனுஷன். நான் யார் கண்ணாவது பட்டுவிடும் என்று சொன்னால், "நாம கிறிஸ்தவங்க, நமக்கு ஏது கண்ணு, மூக்கு" என்று கேலி செய்கிற மனுஷன். பிள்ளையை வெளியே கொண்டுபோகும்போது பக்கத்தில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்று, யாருக்கும் தெரியாமல் அதைப் பைக்குள் போட்டுவைத்திருக்கிறார். "சும்மா ஒரு இதுக்குத்தான்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது.

ஆண்டவர் காப்பாற்றினார், பிள்ளை பிழைத்தாள். காலில் ஊசி குத்தின இடம் மட்டும் ரொம்ப நாள் கன்றிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் பையை யோசித்தேன். பிரார்த்தனை செய்யவேண்டிய நேரத்தில் பையை யோசித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. எனக்கு அதுதான் பிரார்த்தனையாக இருந்தது. எத்தனை அறை வைப்பது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்தப் பைக்குள் எத்தனை பேர் கை போகிறது என்று எண்ணிப் பார்த்தேன். போகாதே என்று ஒருவரையும் தடுக்க முடியாது. நான் என்ன, பையின் வாயில் போலீஸா நிற்பது? ஆகவே கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும்படி பை இருக்க வேண்டும். அப்போதுதான் தோன்றியது. நம் ஜனங்களுக்கு எந்தக் கை எதற்கு என்று யாரும் எழுதி ஒட்ட வேண்டியதில்லை. சாப்பிட வலது கை, கழுவ இடது கை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாது. அப்படியே பையையும் நடுவில் தடுத்து, வலது பக்கம் வாய்க்குப் போகிற சாமான், இடது பக்கம் மற்றதெல்லாம் என்று வைத்துவிட்டால் போதும் என்று பட்டது. எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் திரை தைத்து மிஞ்சின பூப்போட்ட துணியில் முதல் பையைத் தைத்தேன். வலது பக்கம் பாட்டிலுக்கும் டப்பாவுக்கும் தனித்தனி அறை. இடது பக்கம் ரப்பர் ஷீட் வைத்துத் தைத்து ஈரத்துணிக்கு அறை. பெரியம்மாவிடம் பாடம் மாதிரி ஒப்பித்துக் காட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். மத்தியானம் ஓடிவந்து பார்க்கிறேன், பாட்டில் இருக்க வேண்டிய அறையில் ஈரத்துணி. "ஏங்க்கா, இடது பக்கம்னுதானே சொன்னேன்?" என்று கத்தினேன். பெரியம்மாவும் விடவில்லை. "இடது பக்கம்தாண்டி வச்சேன்! வேணும்னா வந்து பாரு!" போய்ப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். பையை எடுத்துத் திருப்பி வைத்திருக்கிறாள். இரண்டு பிடி வைத்த பைக்கு ஏது முன் பக்கம், பின் பக்கம்? திருப்பினால் வலது இடதாகிவிடும், சுத்தம் அசுத்தமாகிவிடும். தையல் டீச்சருக்கு இது தெரியவில்லை. என்னைப் போல ஒரு வேலைக்காகாத டீச்சர் அந்த மாவட்டத்திலேயே இருந்திருக்க மாட்டாள்.

அடுத்த பைக்குப் பிடியே வைக்கவில்லை. ஜோல்னாப் பை மாதிரி ஒரு வார், பின் பக்கத்திலிருந்து மடிந்து வருகிற ஒரு மூடி. மடியில் வைத்துத் திறந்தால் மூடி நம் மடியில் விழ வேண்டும். அப்படி விழுந்தால் பை நேராக இருக்கிறது. எதிர்ப்பக்கம் விழுந்தால் திருப்பி வை, அவ்வளவுதான் பாடம். மூடிக்கு உள்பக்கம் வெள்ளைத் துணி, அதன் மேலேயே பாட்டிலை வைத்துப் பால் கலக்கலாம். உள்துணி முழுக்க வெள்ளை லாங் கிளாத். அழுக்குத் தெரியாத கலரில் போடு என்று எல்லாரும் சொன்னார்கள். அழுக்குத் தெரியத்தானே தைக்கிறேன்! உள்துணியைப் பையோடு சேர்த்துத் தைக்கவில்லை. பிரஸ் பட்டன் வைத்திருந்தேன். கழற்றி வெந்நீரில் கொதிக்கவிடலாம். ஈரத்துணி அறைக்கு வாயை வெளிப்பக்கம் வைத்தேன், அந்தத் துணியை எடுக்கிற கை பாட்டில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. நிப்பிளுக்கு மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா, அதையும் நிப்பிளோடு சேர்த்துக் கொதிக்க வைப்பது. உன் அப்பாவின் சாவியை என்ன செய்தேன் என்று கேட்கிறாயா? தூக்கிப் போடவில்லை. வார் மடிப்புக்குள், வெளிப்பக்கம், வைத்துத் தைத்துவிட்டேன். அவர் நிம்மதிக்கும் ஒரு இடம் வேண்டாமா? காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பையில் யாரும் கண்டதையும் போடவில்லை. சுகந்திக்கும் அப்படி ஒரு வியாதி திரும்ப வரவில்லை. இதுதான் உனக்குத் தெரியாத மீதிக் கதை. அவளுக்கு வந்த வியாதி வண்டியில் கொண்டுபோனதால் வந்ததில்லை. அதே வண்டியில்தான் அப்புறமும் போனாள், கொழுகொழு என்று போனாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உனக்கு ஒரு பையைத் தைத்து அனுப்பிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். ஆனால் பை நன்றாக அமைந்ததே எனக்கு ஒரு தொல்லையாகப் போயிற்று. லேடீஸ் கம்பார்ட்மென்டில் அதற்கு அவ்வளவு நல்ல பேர். டைப்பிஸ்ட் பெண்கள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், எல்லாரும் மூடியைத் திறந்து திறந்து பார்த்தார்கள். சிலபேருக்குத் தைத்தும் கொடுத்தேன். வீட்டிலும் மெச்சினார்கள். மெச்சினபிறகு எல்லாருக்கும் ஒரே பேச்சு, "அதான் பை இருக்கே." காய்ச்சலோடு நான் வேலைக்குக் கிளம்பினால், "பைதான் எல்லாம் ரெடியா இருக்கே, உனக்கென்ன கஷ்டம்?" சர்ச்சுக்குப் போக நேரமாகிவிட்டது என்றால், "பைய எடுத்து மாட்டிக்கிட்டு வா, போலாம்." பை தானாகவா நிரம்பும்? உள்துணி தானாகவா கொதிக்கும்? பைக்குக் கால் முளைத்துத் தாம்பரம் ஸ்டேஷன் படி ஏறுமா? எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி வைத்த பிறகு, தூக்குகிறவள் யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு மழை நாள். நீ கூட இருந்தாய், ஆனால் நினைவிருக்காது. பெரியம்மா வீட்டு விசேஷத்துக்குக் குடும்பமாகக் கிளம்பினோம். பிளாட்பாரத்தில் எனக்கு ஒரு தோளில் சுகந்தி, இன்னொரு தோளில் பை, கையில் குடை. அப்பா கையில் நியூஸ்பேப்பர். "இத கொஞ்சம் பிடிங்களேன்" என்று பையைக் கழற்றி நீட்டினேன். அவர் கையும் நீட்டினார். அதற்குள் எதிரே அவர் ஆபீஸ்காரர் ஒருவர், "என்ன சார், ஃபேமிலியோட எங்க?" என்று வந்துவிட்டார். நீட்டின கை அப்படியே பேப்பரைப் பிரிக்கப் போய்விட்டது. நான் உன்னிடம் நீட்டினேன். நீ இரண்டடி பின்னால் போய், "ஐயே, நான் பொம்பளைங்க பையெல்லாம் தூக்க மாட்டேன்" என்றாய். ஆபீஸ்காரர் சிரித்தார், அப்பா சிரித்தார், நானும்தான் சிரித்தேன். பூக்காரம்மா சொன்னபோது சிரித்த மாதிரியேதான். உன்மேல் குற்றம் இல்லை, நீ பார்த்ததைச் செய்தாய். அப்பாவும் கெட்டவர் இல்லை, பிள்ளைக்காக இரும்பைத் தேடிப் பைக்குள் ஒளித்துவைத்த மனுஷன் எப்படிக் கெட்டவராவார்? அவருக்கு உள்ளே போடத் தெரிந்தது. தூக்கத்தான் தெரியவில்லை. அன்று எனக்குக் கோபம்கூட வரவில்லை. அது இப்போது வருகிறது, இத்தனை வருஷம் கழித்து, ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது.

என் ஜாக்கெட்டை நானே ஏன் தைத்துக்கொள்கிறேன், டெய்லரிடம் ஏன் கொடுப்பதில்லை என்று சுகந்தி ஒருதரம் கேட்டாள். கஞ்சத்தனம் என்று அவளுக்கு நினைப்பு. எனக்கு ஒரு தோள் மற்றதைவிட இறங்கியிருக்கிறது தம்பி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெட்டினால் கழுத்து ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ்த்தி வெட்டித் தைத்துக்கொள்கிறேன். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. சுகந்தியின் பை, அதற்கப்புறம் காய்கறிப் பை, நோட்டுக் கட்டு, எல்லாம் அந்த ஒரே தோளில். இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது கிரேஸும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இத்தோடு வருகிற பையைப் பிரித்துப் பார். வாரம் முழுக்க ஸ்கூல் மெஷினில் இன்டர்வெல்லில் உட்கார்ந்து தைத்தேன். கண் பார்வை முன்பு மாதிரி இல்லை, ஊசியில் நூல் கோக்க ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. மேலே காக்கிக் கித்தான், பூவும் கிடையாது, லேசும் கிடையாது. உள்ளே வெள்ளை, இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஒன்று காயும்போது ஒன்று. வலது பக்கம் சுத்தம், இடது பக்கம் மற்றது, மூடி மடியில் விழ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் காப்பி குடிப்பதற்கு முன் பையைக் காலி செய்துவிட வேண்டும். காப்பி குடித்தபிறகு செய்யலாம் என்று வைத்தால் அது சாப்பிட்ட பிறகு என்றாகும், பிறகு காலையில் என்றாகும், அந்தச் சோம்பலில்தான் எல்லாக் கிருமியும் வளர்கிறது. நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு உன் அப்பா, "பாவம்டி, பையன். ஆபீஸ் போய் வர்றவனுக்கு இதெல்லாம் எப்படி முடியும்?" என்கிறார். "கிரேஸும் ஆபீஸ்தானேங்க போயிட்டு வர்றா?" என்று கேட்டேன். பேப்பருக்குள் போய்விட்டார். அங்கிருந்துகொண்டே, "ஸ்டாம்ப் ஜாஸ்தி ஒட்டணும், இவ்வளவு கனமா எழுதினா" என்கிறார்.

நீ கடற்கரை ஸ்டேஷன் வரை போகிறவன். நுங்கம்பாக்கம் உன் வழியில்தான் இருக்கிறது. கிரேஸோடு சேர்ந்து ஏறு, சேர்ந்து இறங்கு, நர்ஸம்மா வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பிடி. உனக்கு என்ன தடங்கல் என்று எனக்குத் தெரியும். காலை வண்டியில் உங்கள் சீட்டுக் கச்சேரி. நாலு பேர் மடியில் துண்டை விரித்து ஆடுகிற இடத்துக்குப் பிள்ளைப் பையோடு எப்படிப் போவது என்றுதான் ரயில் அழுக்கு, கிருமி, சுகந்தி என்று சுற்றி வளைத்தாய். கிருமிக்குப் பயந்திருந்தால் என்னிடம் பை கேட்டிருப்பாய் ராஜா, என்னைக் கேட்டிருக்க மாட்டாய். கிரேஸ் எவ்வளவு படித்து, எத்தனை பரீட்சை எழுதி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று நீயே கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் பெருமையாகச் சொன்னவன். நாலு பேர் சிரிப்பார்கள் என்பதற்காக அவள் அதை விட்டு எழுந்திருக்க வேண்டுமா? சிரித்தால் சிரிக்கட்டும். "இன்னா சார், இன்னிக்கு ரெண்டு டிபனா?" என்று எவனாவது கேட்டால், "இல்லப்பா, என் பொண்ணோட பை" என்று சொல்லிவிட்டு உட்கார். ஒரு வாரம் கேட்பார்கள். அடுத்த வாரம் அவரவர் சீட்டைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

கடைசியாக ஒன்று. ஞாயிற்றுக்கிழமை நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மத்தியானம் படுத்தாயே, அப்போது இஞ்ச் டேப்பை எடுத்து வந்து அந்தச் சட்டையின் தோளையும் நீளத்தையும் அளந்துகொண்டேன். வாரை அந்த அளவுக்குத்தான் வெட்டியிருக்கிறேன். கிரேஸ் மாட்டினால் பை முழங்காலில் இடிக்கும், நடக்கவே முடியாது. பக்கிளும் வைக்கவில்லை, துளையும் வைக்கவில்லை. "அம்மா, வாரக் கொஞ்சம் குறைச்சுக் குடுங்க" என்று அவளிடம் கொடுத்தனுப்பாதே. நான் குறைக்க மாட்டேன்.

அம்மா